உரலில் வைத்த சாமந்தி

அந்தப் பெண் மறுபடியும் உரலுக்கு எதிரில் வந்து நின்றுவிட்டாள்.  தைலம்மாள் ஜன்னல் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

உரல் இப்போது உரலாகவா இருந்தது? நான்கு நாளைக்கு முன்பு அதன் குழியில் மண்ணைக் கொட்டி, துலுக்கச் சாமந்திச் செடி ஒன்றை நட்டு, சுற்றிலும் செம்மண் பூசிக் கோலமும் போட்டாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பூத்தொட்டி மாதிரி இருக்கும். பக்கத்தில் வந்து யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் தைலம்மாள் மலைச்சாமி கரியராமரை வேண்டிக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் வந்ததோடு நிற்காமல், குனிந்து, உலக்கை பட்டுப் பட்டு வழுவழுத்துப் போன விளிம்பைக் கையால் வேறு தடவிப் பார்க்கிறாள்.

பெயர் ஷைனி. கட்டடத்துக்குப் படம் வரைகிறவள். கள்ளக்குறிச்சி டவுனில் எதிரும் புதிருமாக இருக்கும் இந்த இருபத்து நான்கு ஓட்டு வீடுகளையும் இடித்துவிட்டு, அதே இடத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். வந்த முதல் நாளே அவள், உங்கள் வாழ்க்கை எப்படியோ அப்படித்தான் கட்டடமும் இருக்க வேண்டும், உங்கள் வழக்கமெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள். தெருவுக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான். ஆபீசிலிருந்து வருகிறவர்கள் அப்படிப் பேசி யார் கேட்டிருக்கிறார்கள்?

சந்தேகத்துக்குத் தெருவில் ஒரு தலைவரும் இருந்தார். நாராயணசாமி எட்டு வருஷத்துக்கு முன்பு ஏரிக்கரையில் குடியிருந்தவர். அங்கேயும் இரண்டு பேர் டேப்பும் சிரிப்புமாக வந்து, யார் ஆடு வைத்திருக்கிறீர்கள், யார் கடை வைத்திருக்கிறீர்கள் என்று அன்பொழுக விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாதம் கரை காலி. ஆடு, கடை என்று சொன்னவர்களுக்கு மட்டும் மாற்று வீடு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டை வீடாக வைத்திருக்கவில்லையாம். நாராயணசாமி ஆடு என்று சொன்னவர். அன்று இங்கே தங்கை வீட்டுக்கு மூட்டையோடு வந்தவர்தான், பிறகு இந்தத் தெருவிலேயே ஒரு வீடு பிடித்துத் தங்கிவிட்டார்.

அவர் இரண்டு வரிசை வீடுகளுக்கும் பொதுவான நடுவாசலில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தினார்.

"இன்னா கேட்டாலும் 'ஒண்ணும் இல்லீங்க'. அதுக்கு மேல ஒரு வார்த்த ஜாஸ்தி பேசக்கூடாது. பேசினா வூடு போச்சு."

அவருடைய ஐந்து ஆடுகளும் வடக்கனந்தலில் உறவுக்காரர் நிலத்துக்குப் போயின. எதிர் வீட்டு இஞ்ஞாசியம்மாளின் இரண்டு தையல் மிஷின்களும் அவள் தம்பி வீட்டுக்குப் போயின. வடாம் காயப்போட்ட கயிற்றுக் கட்டில்கள் மறைந்தன. இரண்டே நாளில் தெரு, யாரும் எந்த வேலையும் செய்யாமல் காற்றைக் குடித்து வாழ்கிறவர்களின் தெரு ஆகிவிட்டது. தைலம்மாளின் உரல் மட்டும்தான் நகர மறுத்தது. இருபது வருஷத்துக்கு முன்பு மலைமேல் இருக்கும் தன் பிறந்த ஊர் கரியாலூரிலிருந்து பலாப்பழ லாரியில் ஏற்றிவந்து, நடுவாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டிப் புதைத்த உரல் அது. அதனால்தான் சாமந்தி.

அந்த உரலில்தான் அவள் குடும்பம் ஓடியது. புருஷன் பழனி கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில் அரைக்கிற மாதங்களில்தான் அவன் கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் மலையிலிருந்து பஸ்ஸில் மூட்டையாக வரும் சாமைதான் சோறு போட்டது. சாமையை மிஷினில் கொடுத்தால் பாதி நொய்யாகிவிடும். கையால் குத்திய சாமை என்றால் டவுனில் இரண்டு ஓட்டல்காரர்கள் போன் மேல் போன் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இதை அந்தப் பெண் எழுதிக்கொண்டால், வீட்டில் தொழில் நடத்துகிறவள் என்று ஆகும். வீடு போகும். தைலம்மாளின் பயம் அவ்வளவுதான், ஆனால் அதுவே மலையளவு இருந்தது.

ஷைனி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கே துணி காயப்போடுவீர்கள், எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள், கல்யாணத்துக்குப் பந்தல் எங்கே போடுவீர்கள் என்று கேட்டாள். ஒண்ணும் இல்லீங்க என்று இருபத்து நான்கு வீடும் ஒரே ராகத்தில் சொன்னது. இஞ்ஞாசியம்மாளிடம், வீட்டில் சாவு விழுந்தால் உடலை எங்கே வைப்பீர்கள் என்று அவள் கேட்டபோது தைலம்மாளும் கூட இருந்தாள். நல்ல பெண் கேட்கிற கேள்வியா இது?

"எங்க தெருவுல யாரும் சாவறதில்லீங்க" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

அவள் தலைக்கு மேலே சுவரில் புருஷன் ஆசீர்வாதத்தின் படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஷைனி அதைப் பார்த்தாள். பிறகு நோட்டில் ஏதோ கோடு போட்டாள். பங்குனியில் ஆசீர்வாதம் போனபோது சவப்பெட்டியை நடுவாசலில் உரலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. தைலம்மாள் அந்த உரலில் சாமை குத்தித் தெரு முழுக்கக் கஞ்சி ஊற்றினாள். இந்துவோ கிறிஸ்தவரோ, யார் வீட்டுச் சாவானாலும் இந்தத் தெருவில் அப்படித்தான். அதையெல்லாம் இந்த டவுசர்காரியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

இன்று உரலருகே நின்றவள், கிளம்பும்போது சட்டென்று குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கினாள். தைலம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உமி. நான்கு நாள் கூட்டியும் கல் இடுக்கில் தங்கிவிட்ட சாமை உமி. ஷைனி அதை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, நோட்டின் இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மூடினாள்.  ஆதாரம் எடுத்துவிட்டாள் பாவி என்று தைலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வந்தது தபால் அல்ல, கூட்டத்துக்கு அழைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருவே ஒரு மண்டபத்தில் கூடியது. மேஜைமேல் புதுக் குடியிருப்பின் மாதிரி வடிவத்தை அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். பெரிய இன்ஜினியர் குச்சியால் காட்டிக் காட்டிப் பெருமையாக விளக்கினார். வீடுகள் பளபளவென்று இருந்தன. ஆனால் நடுவாசலைக் காணோம். அங்கே ஆறு பொம்மைக் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். தெருவில் மொத்தம் கார் வைத்திருப்பவர்கள் சைபர். படிக்கட்டோ ஆள் எதிரே வந்தால் ஒதுங்க முடியாத அளவுக்கு ஒடுங்கி ஒடுங்கித் திரும்பியது. அதில் ஒரு பெட்டியை எப்படி இறக்குவார்கள் என்று தைலம்மாள் கணக்குப் போட்டாள். செங்குத்தாக நிறுத்தினால்தான் உண்டு.

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வட்டமாக ஒரு தொட்டி, அதில் மஞ்சள் காகிதப் பூ. கீழே அழகான எழுத்தில் 'தெருவின் பண்பாட்டு அடையாளம்' என்று எழுதியிருந்தது. நடுவில் இருந்த உங்கள் பூச்செடியைத்தான் எல்லோரும் பார்க்கட்டும் என்று பெரிதாக்கி முன்னால் வைத்திருக்கிறோம் என்றார் இன்ஜினியர். தெரு வாயை மூடிக்கொண்டு கேட்டது. நாராயணசாமி மட்டும், வீடு தப்பித்தது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தைலம்மாளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஷைனி தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குப் போனதும் பின்னாலேயே போய் மடக்கினாள்.

"எங்க வழக்கம், எங்க வாழ்க்கைன்னு சொல்லிக்கினு வந்தீங்களே மேடம். இதான் அதுவா? எங்கள நல்லா ஏமாத்திட்டீங்க."

ஷைனி பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து வராந்தாச் சுவரில் விரித்துப் பிடித்தாள். அது அவள் முதலில் போட்ட படம். இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் பெரிய வாசல், நான்கு பேர் தோள் கொடுத்துப் பெட்டி இறக்கக்கூடிய அகலத்தில் படிக்கட்டு. வாசலின் நடுவில் சின்னதாக ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சாமை உமி.

"எங்கப்பா மூங்கில்துறைப்பட்டு மில்லுல வேல பாத்தவரு அக்கா, நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். எனக்கு உரலத் தெரியாதா? உரல்ல யாராவது செடி வைப்பாங்களா?"

தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று தைலம்மாள் கேட்டாள். நீங்கள் இல்லை என்று சொன்னதை நான் உண்டு என்று எழுதினால், உங்களைக் காட்டிக்கொடுத்தவள் ஆகமாட்டேனா என்று ஷைனி திருப்பிக் கேட்டாள். பூச்செடி என்று எழுதினால் அந்தக் கல்லாவது இடிபடாமல் அங்கேயே இருக்கும் என்று நினைத்தாளாம். ஆபீசில், இந்த வாசலை யார் கேட்டார்கள் என்று கேட்டபோது இருபத்து நான்கு தாளையும் புரட்டினாள். இருபத்து நான்கிலும் 'ஒண்ணும் இல்லை'. வாசல் போய்விட்டது. பூ மட்டும் கேட் பக்கத்துக்கு வந்துவிட்டது.

தைலம்மாள் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வாயைப் பிடுங்கும் வித்தையாகவும் இருக்கலாம். ஏரிக்கரைக்கு வந்தவர்களும் இப்படித்தானே சிரித்தார்கள்? இல்லை, இவள் சிரிக்கவில்லை. அதைத்தான் தைலம்மாள் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"உண்மைய சொன்னா வூடு போவுமா, போவாதா? அத மட்டும் சொல்லு."

"வூட்டுக்குள்ள தொழில் செய்யக்கூடாதுன்னு ஒரு வரி இருக்குதுக்கா. வாசல்ல செய்யறத பத்தி ஒண்ணும் இல்ல. அவங்க அத எப்படி எடுத்துக்குவாங்கன்னு என்னால சத்தியமா சொல்ல முடியாது."

போகாது என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தால் தைலம்மாள் நம்பியிருக்க மாட்டாள். தெரியாது என்று சொன்னதால் பாதி நம்பினாள். அந்தப் பாதி நம்பிக்கையோடுதான் மண்டபத்துக்குள் திரும்பிப் போய், காகிதப் பூவைக் காட்டிச் சொன்னாள்.

"அது பூச்செடி இல்லீங்க. என் உரலு. அதுல சாமை குத்தித்தான் நாங்க சாப்பிடறோம். எங்களுக்கு வாசல் வேணும்."

 இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு யாருக்கு வாசல் வேண்டும் என்று கேட்டார். தைலம்மாள் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷம் அவள் கையால் கஞ்சி குடித்த தெரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இஞ்ஞாசியம்மாள்கூட முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவருக்காகப் படத்தை மாற்ற முடியாது, தெருவே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் பார்க்கலாம் என்று இன்ஜினியர் எழுந்துவிட்டார். ஷைனி ஒரு தாளில் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் போட்டுக் கொடுத்தாள். தைலம்மாள் முதல் வரியில் தன் பெயரையும், பக்கத்தில் 'உரல்' என்றும் எழுதினாள். எழுதிவிட்டு, அதை உடனே ஷைனியிடம் கொடுத்துவிடாமல், முதலில் ஒரு நகல் எடுத்துத் தரச்சொல்லி வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். எண் போட்ட தாளையும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் இவளுக்கு என்ன கொடுத்தாள் என்று குழாயடியில் பேச்சு ஓடியது. முதல் மாடியில் நல்ல வீடு தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். தைலம்மாளுக்கு அழுகை அழுகையாக வந்தது. வாசலும் கிடைக்காமல், தன் பெயர் மட்டும் அந்த ஆபீஸ் ஆளின் நினைவில் தனியாக நிற்கப் போகிறது. வீடும் போய், தெருவும் போய், மலைக்கா திரும்பிப் போவது? பழனிக்குப் போன் போட்டுச் சொன்னதற்கு அவன், சொன்னதைச் சொல்லிவிட்டாய், இனிமேல் செடியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சாமந்தியை வேரோடு பெயர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்தாள். குழியிலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, நான்கு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வெயிலில் உரல் காய்ந்ததும் சாமையைக் கொட்டிக் குத்த ஆரம்பித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சத்தம் தெருவின் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. ஜன்னல்கள் ஒரு விரல் அளவுக்குத் திறந்தன. எண் போட்ட தாள் வாளிக்கு அடியில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

நாராயணசாமிதான் முதலில் வெளியே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று தைலம்மாள் உலக்கையை நிறுத்தாமல் குத்தினாள். அவர் உரலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாளியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தெருவின் இரண்டு கோடியிலும் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு உமியத்தான படத்துல ஒட்டி வெச்சிருந்துச்சு? நான் வராந்தா கதவாண்ட நின்னுக்கினு பாத்தேன்."

தைலம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, தாளை உருவி, தொடைமேல் வைத்து, இரண்டாம் வரியில் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஏரிக்கரை அவர் முகத்தில் வந்து போனது அவளுக்குத் தெரிந்தது.

"ஆடு மூணுன்னு போட்டுக்கறேன். மீதி ரெண்ட வூடு கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

தைலம்மாள் உலக்கையை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இஞ்ஞாசியம்மாள், மாதா கோயிலுக்குக் கட்டிய புடவையோடேயே, பேனாவுக்காகக் கையை நீட்டியபடி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.