வரி இறாலுக்கு விருந்து

கடற்கரை ஆய்வகத்தில் ஜெபசுதா வளர்த்த பவளத்தை, தொட்டிக்குள் எப்படியோ புகுந்த, பூப்போல விரியும் சின்னக் கடலுயிர்களான கடல்சாமந்திகள் கொட்டிக் கொட்டி அழித்தன. பிடுங்கினால் அறுந்த துணுக்கும் முளைத்தது. அவற்றைத் தின்னும் சிவப்பு வரி இறால்களை வாங்கித் தொட்டிக்குள் விட்டாள். அவையோ சும்மா திரிந்தன. பவளம் பாதி வெளுத்துவிட்டது.

“அண்ணாச்சி, இதுக்கு ஏதும் போட்டியளா?”

“வந்த விருந்தாளியப் பட்டினி போடவா? தெனமும் மீன்துண்டு போடுதேன்,” என்றார் கூட வேலை பார்க்கும் சங்கரபாண்டியன்.

“விருந்துக்கா வந்துருக்கு? வேலைக்கு வந்துருக்கு. இனிமே இந்தப் பக்கமே வராதீய.”

பசி வந்ததும் இறால்கள் வேலையில் இறங்கின. மனிதக் கை தோற்ற இடத்தில், கொட்டும் இழைகளுக்கு நடுவே நின்று சாமந்திகளை மிச்சமில்லாமல் தின்றன. ஜெபசுதா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் படித்த எந்த மருந்துக்கும் இந்த நேர்த்தி கிடையாது.

வெளுத்த பாதி போனதுதான். மறுபாதி பிழைத்தது.