கேட்டில் வைத்த பேர்

அடிப்பிடித்த பால் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். என் பேரைச் சொல்ல முடியாது. அதைக் காலையிலேயே கீழே கேட்டில் வைத்துவிட்டேன். இந்த அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் காலையில் செக்யூரிட்டியிடம் பேரைக் கொடுத்துவிட்டு, ‘மெய்டு’ என்கிற இங்கிலீஷ் வார்த்தையை வாங்கிக்கொண்டு மேலே வரவேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வார்த்தையைக் கொடுத்தால் பேர் கிடைக்கும்.

நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். வந்த புதிதில் செக்யூரிட்டி அருணகிரி அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன்.

“அர்த்தம் வீட்டுக்காரங்ககிட்ட இருக்கும்மா. உபயோகம் மட்டும்தான் உனக்கு. கூப்பிட்டா ஓடணும்.”

ஐந்து தாண்டினால் பேரை வைத்திருக்க மாட்டார்கள். மூன்றாம் மாடியில் வேலை செய்கிற அக்கா ஒருநாள் தாமதமாகப் போனாள். இப்போது அவள் புருஷனும் அவளை மெய்டு என்றுதான் கூப்பிடுகிறான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நாத்தனாருக்கு இன்று காய்ச்சல். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“அவ பேரையும் வை,” என்றார் அருணகிரி அண்ணன்.

“இன்னும் பல்லே முளைக்கலண்ணே.”

“பல்லை யாரு கேட்டா?”

வைத்தேன். அவளுக்குச் சின்ன அளவில் ஒரு மெய்டு கொடுத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவள், மேடம் ‘மெய்டு’ என்றதும் ஹாலுக்குத் தவழ்ந்து போகிறாள். மூன்றாவது தடவை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

“பரவாயில்லையே, கத்துக்கிட்டாளே!” என்றார் மேடம். அதோடு, விருந்தாளி வருகிறார்கள், ஆறு மணிவரை இரு என்றார்.

ஐந்து தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது. அருணகிரி அண்ணன்.

“குழந்தை பேரு இல்லம்மா. சின்னதா நல்லாருக்குன்னு ஆறாம் மாடியில நாய்க்குட்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. கூப்பிட்ட உடனே வால ஆட்டிடுச்சாம்.”

“என்னோடது?”

“இருக்கு, இன்னும் யாரும் எடுக்கல. ஆனா ஒரு பேருக்கு ஒருத்தரத்தான் வெளிய விடுவேன்.”

“அதை அவளுக்குக் குடுத்துடுங்கண்ணே.”

பேர் லிஃப்டில் தனியாக வந்தது. பாப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு மடிப்பு மடித்துக் கட்டிவிட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிச் சிரித்தாள்.

கீழே அவள் அப்பா ஆட்டோவோடு நிற்கிறார். பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, இனிமேல் இவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அப்போ உன்னை என்னன்னு கூப்பிடறது என்று அவர் கேட்டால், நான்

“மெய்டு!”

இதோ வந்துட்டேன் மேடம், கையை மட்டும் கழுவிட்டு