பெட்டிக்கு வைத்த பெயர்

"பாப்பா" என்று அடுத்த அறையிலிருந்து அப்பா கூப்பிட்டபோது, அவள் முன்பின் பார்த்திராத ஒருவரிடம் போனில் வாஷிங் மெஷினுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்."

"என்னம்மா புரியுது? ஆள் அனுப்பறேன் ஆள் அனுப்பறேன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க? ஈரத்துணி எல்லாம் உள்ளேயே நாறிப்போச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் டிவியோடு இணைத்த பெட்டி பதில் கொடுத்தது. "சொல்லுங்க."

"நீ இல்ல" என்றார் அப்பா. "அவளைக் கூப்பிடு."

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை."

"எம்பொண்ணை வரச் சொல்லு. மூச்சு முட்டுது."

அவளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. டிவி சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். டிவி அப்போது ஓடவே இல்லை. அவளுடைய கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. டீம் லீடர் இந்த அழைப்பை ஒட்டுக் கேட்கிறார் என்று அதற்கு அர்த்தம். இந்த ஆளை மட்டும் சமாதானப்படுத்திவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அந்த ஆள் லேசில் சமாதானமாகிற ரகம் இல்லை.

நாற்பது தாண்டியும் அவள் வீட்டில் பாப்பாதான். கல்யாணம் முறிந்து, பெட்டி படுக்கையோடு திரும்பி வந்த நாளிலிருந்து அப்பாவும் மகளும், அவள் வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டு வாங்குகிற சம்பளத்தில்தான் காலம் தள்ளினார்கள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவனையும் அவன் இறங்கும் இடத்தில் எழுப்பிவிடுகிற குரல். ஓய்வு பெற்ற பிறகு இதயம் பழுதாகி, கை நடுங்கி, உடம்பெல்லாம் ஓய்ந்த பிறகும் குரல் மட்டும் ஓய்வு பெற மறுத்தது. ரிமோட்டில் சேனலை மாற்றப்போய் எதையாவது அழுத்திவிடுவார். படம் நின்றுவிடும். உடனே "பாப்பா" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு குரல்.

"பின்னாடி யாரோ கத்துறாங்களே, போய்ப் பாருங்கம்மா" என்று ஒரு வாடிக்கையாளரே சொல்லிவிட்டார். அது பதிவாகிவிட்டது. டீம் லீடர் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டா வீட்லேருந்து வேலைங்கிறதெல்லாம் கிடையாது. ஆபீசுக்கு வாங்க, இல்லேன்னா வேற வேலை பாத்துக்கங்க." அப்பாவைத் தனியே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போக வழியில்லை. வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள். வாயால் சொன்னாலே டிவியை மாற்றுகிற இரண்டு பெட்டிகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார்.

"இதுல ரிமோட்ல இருக்கிற மைக் பட்டனை அமுக்கிப் பிடிச்சிட்டுப் பேசணும். அதுக்கு ரிமோட்டே வேணாம். ரூம்ல எங்கேருந்து பேசினாலும் காதுல வாங்கிக்கும். விலைதான் கொஞ்சம் கூட. வீட்ல யாருக்கு?"

"அப்பாவுக்கு. கை நடுங்கும்."

"குரல் எப்படி?"

"அதுதான் பிரச்சினையே" என்றாள்.

வெளியூரில் இருக்கும் தம்பியிடம் போனில் கேட்டாள். "மலிவானதே வாங்கிப் போடுக்கா. இன்னும் எத்தனை நாளைக்குப் பாக்கப்போறாரு" என்றான். அவள் விலை கூடினதையே எடுத்தாள். "அப்பா மேல ரொம்பப் பாசம் போல" என்று பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். அவளும் சிரித்துவைத்தாள். அப்பாவின் வாயை அடைக்க ஒரு சாமான் வாங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியைக் கூப்பிட ஒரு பெயர் வைக்க வேண்டும். எந்தப் பெயர் வைத்தாலும் அப்பாவின் வாயில் நிற்கவில்லை. ஆயுள் முழுக்கப் பழகின ஒரே சொல்தான் அந்த வாயிலிருந்து வந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது. அதையே வைத்துவிட்டாள்.

"இனிமே கூப்பிட்டா அது வரும், நான் வரமாட்டேன். எதுவானாலும் அதுகிட்டச் சொல்லுங்க. வேலை முடிஞ்சுதான் எட்டிப் பார்ப்பேன். புரியுதாப்பா?"

"பாப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார் அப்பா.

"சொல்லுங்க" என்றது பெட்டி.

"பரவாயில்லையே. கூப்பிட்ட உடனே என்னன்னு கேக்குது. உன்னை மாதிரி இல்ல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றிலிருந்து அவர் அவளைக் கூப்பிடவில்லை. பழைய பாட்டுக் கேட்டார், செய்தி கேட்டார், பெட்டியிடம் "சாப்பிட்டியா பாப்பா?" என்றும் கேட்டார். "எனக்குப் பசிக்காது" என்றது அது. "கொடுத்து வச்சவ" என்றார். குரலும் தணிந்துவிட்டது, பெட்டிக்குக் கத்த வேண்டியதில்லை அல்லவா. பக்கத்து அறையில் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிக்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

மூச்சு முட்டுது என்று அப்பா சொன்ன அன்று, வாஷிங் மெஷின்காரர் கடைசியில் இறங்கிவந்து, "உன்னைச் சொல்லி என்னம்மா குத்தம்" என்று போனை வைத்தார். சிவப்புப் புள்ளி அணைந்தது. அவள் எழுந்து ஓடினாள். அப்பா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தார். ஒரு கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வராத மகளைத் தானே தேடி வரப் பார்த்திருக்கிறார்.

அவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"தூக்கத்துலயே போயிருக்காரு. புண்ணியவான்" என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கால் கட்டிலின் மேல் இருந்ததல்லவா.

மாலைக்குள் அறை நிரம்பிவிட்டது. அப்பாவின் தங்கை வாசலிலேயே ஆரம்பித்துக்கொண்டு வந்தாள். "பாப்பாவை அனாதையா விட்டுட்டுப் போயிட்டியே அண்ணா. பாப்பாவுக்கு இனி யாரு இருக்கா? பாப்பா..."

"சொல்லுங்க" என்றது பெட்டி.

அத்தையின் அழுகை தொண்டையிலேயே நின்றது. பின்னால் யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது. தம்பி பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினான். ஒரு கேவல் கேவி அத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள் அத்தை. "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை அத்தை."

"உன்னைக் கூடக் கூப்பிடலையா?"

"இல்ல அத்தை."

"அவளைச் சும்மா விடுங்க அத்தை" என்று தம்பி குறுக்கே வந்தான். "அக்கா இல்லேன்னா அப்பா எப்பவோ போயிருப்பாரு. நான் மலிவா வாங்குன்னேன். இவ கேக்கலையே, நல்லதாப் பாத்து வாங்கிக் கொடுத்தா." சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. அவளை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தம்பி பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இங்கே இனிமே யாருக்கா இதுகூடப் பேசப்போறா? பசங்க ரொம்ப நாளாக் கேக்கிறாங்க. பேரை மட்டும் மாத்திக் கொடுத்துடு. அந்தப் பேரோட அங்கே வேணாம்."

"என்ன பேர் வைக்க?"

"புலின்னு வை. சின்னவனுக்குப் பிடிக்கும்."

அவள் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புலி என்று வைத்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள், அது உடனே "சொல்லுங்க" என்றது. ஒயரைச் சுற்றித் தம்பியின் பையில் வைத்தாள்.

மறுவாரம் வேலைக்குத் திரும்பினாள். கம்ப்யூட்டரில் உள்ளே நுழைந்ததும் டீம் லீடர் லைனில் வந்தார். அப்பாவுக்காக வருத்தம் தெரிவித்தார். பிறகு வேலை விஷயத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு அந்த வாஷிங் மெஷின்காரர் பேசின பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். அவ்வளவு கோவமா இருந்தவரை எவ்வளவு பொறுமையாக் கையாண்டிருக்கீங்க. பின்னாடி ஒரு சத்தம் இல்ல. புதுசா சேர்ந்தவங்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டப்போறோம்."

அவள் அப்பாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நன்றி சார்."

அவர் வைத்துவிட்டார். அடுத்த அழைப்புக்கான ஒலி வந்தது. அவள் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து சற்றே விலக்கிவைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.