ஆளில்லாத கம்பம்

விடிந்தும் விடியாத நேரத்தில் இரும்பு எப்படிக் குளிரும் என்று கம்பத்தில் ஏறுகிறவனைத்தான் கேட்க வேண்டும். இடுப்புப் பட்டை எலும்பில் உரசியது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஏணி, கம்பியைத் தாங்கும் விரிசல் விட்ட பீங்கானைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அவன் உயரத்துக்கு அந்தப் பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த கம்பத்தில் அவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

"மாமா, உனக்கெல்லாம் எதுக்குக் கம்பம்? கீழ நின்னு கையை நீட்டினாலே எட்டுமே!"

"வாயை மூடிக்கிட்டு நட்டை முடுக்குடா மாப்ளே."

புதுப் பீங்கான் எடுக்க ஏணி கீழே இறங்கினான். வண்டிக்குள் கையை விட்டதும் தலைக்கு மேலே வெடித்தது. நிமிர்ந்து பார்த்தால், மச்சினன் பட்டையில் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தான். செத்த கம்பிக்கு உயிர் வந்துவிட்டது!

தெருக்கோடிச் சுவிட்சுக் கம்பம்வரை ஓடிக் கைப்பிடியை இழுத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்துதான் அவனால் பையனைத் தொடவே முடிந்தது. உயிர் இருந்தது. வலது கையைப் பற்றி மட்டும் டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

ஊர் மின்கம்பிகளை ஒப்பந்தம் எடுத்திருந்த முதலாளி, போன வருஷம்தான் ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு பெட்டியை மாட்டி, எல்லாவற்றையும் இணையத்தில் கோத்து, கன்ட்ரோல் ரூம் கணினியோடு சேர்த்தார். நல்ல ஏற்பாடுதான், இல்லை என்பதற்கில்லை. கம்பி எங்கே அறுந்தாலும் திரையில் தெரிந்துவிடும். மழையில் தெருத்தெருவாக அலைய வேண்டாம். ஏணியே அதை வாயாரப் புகழ்ந்தவன். மின்சாரத்தை நிறுத்துவதும் விடுவதும்கூட அந்த அறையிலிருந்தே. போனில் 'ஏறலாம்' என்று வந்தால் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு முதலாளியே வந்தார்.

"மெஷின் தப்புப் பண்ணாதுப்பா. மனுஷன்தான் பண்ணுவான்."

"ஏறலாம்னு வந்த பிறகுதான் ஏறினோம், முதலாளி."

"அப்புறம் ஏன் உங்க போன்ல இருந்து பதிலே இல்ல?"

"தெருக்கோடி மேட்டுல நின்னப்பவே 'ஏறலாம்' வந்துடுச்சு. கம்பம் நிக்கிற பள்ளத்துல சிக்னல் கிடைக்காது."

"கிடைக்கிற இடத்துல நின்னிருக்கணும்."

"கம்பத்தை அங்க நகர்த்தி வைங்க, நிக்கிறோம்."

முதலாளியின் முகம் சுண்டியது. "இந்தப் பேச்செல்லாம் வேணாம். உன் மச்சினன் சொல்லாம ஏறிட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. வைத்தியத்தை நான் பாத்துக்கறேன். மாட்டேன்னா, நாளைக்கே அவனைத் தூக்கிட்டுக் கிளம்பு. உன் போனுக்கும் இனிமே வேலை வராது."

அவர் போய்விட்டார். கையெழுத்துப் போட்டால் பையன் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. போடாவிட்டால் கையே போய்விடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. எந்தப் பக்கம்தான் நகர்வான் மனுஷன்? ஏணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாலையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணே, நான் கன்ட்ரோல் ரூம்ல வேலை பாக்கறவ. காலையில திரைக்கு முன்னாடி நான்தான் இருந்தேன்."

ஏணிக்கு ரத்தம் தலைக்கேறியது. "நீதானா பட்டனைத் தட்டினவ?"

"சத்தியமா இல்லண்ணே. அதுவே போட்டுக்கிச்சு. நெட் போயி உங்க போன் பேசலைன்னா, ஆள் இறங்கிப் போயாச்சுன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். கரன்ட் சீக்கிரம் வரணும்னு முதலாளிதான் அப்படி வெக்கச் சொன்னாரு. நிறுத்தப் பார்த்தேன். அவரோட ரகசிய எண் இல்லாம முடியாது. அவர் போனை எடுக்கலை." குரல் உடைந்தது. "தப்பு உங்க மேலன்னு என்னை எழுதித் தரச் சொல்றாரு. இல்லைன்னா என் மேலன்னு எழுதிடுவாராம்."

"நாற்காலியில உக்கார்ந்து பாத்துட்டு இருந்தியா? வெட்கமா இல்ல?"

"அவளை ஏங்க கடிக்கிறீங்க?" என்று மனைவி சீறினாள். "நாற்காலியில உக்கார்ந்தா முதலாளி ஆயிடுவாளா? நம்மளை மாதிரி மாட்டிக்கிட்டவதானே! அந்தப் பாழாப்போன மெஷின் ஆள் இல்லைங்குதே, ஆள் இருக்குன்னு அதுக்குக் காட்ட வழியே இல்லையா?"

ஏணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருக்கு. முன்னெல்லாம் ஏறுறதுக்கு முன்னாடி சுவிட்சுக் கைப்பிடியில அவனவன் பூட்டைப் போடுவோம். கடைசி ஆள் இறங்கித் தன் பூட்டைத் திறந்தாத்தான் கைப்பிடி அசையும். கைப்பிடியைத் தானா இழுக்கிற மோட்டார் பூட்டுல சிக்கிக்குதுன்னு எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க."

மறுநாள் காலை போன்கள் கம்பம் ஏறுகிற ஒவ்வொருவனையும் ஒவ்வொரு தெருவுக்குப் போகச் சொல்லிக் கூவின. ஒருத்தனும் போகவில்லை. எல்லோரும் மேட்டில் இருந்த அந்தத் தெருக்கோடிச் சுவிட்சின் கீழே வந்து நின்றார்கள். சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்தி, வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டையைக் கைப்பிடியில் மாட்டினார்கள். சைக்கிள் பூட்டு, பெட்டிப் பூட்டு, கடைப் பூட்டு என்று ஆளுக்கொரு பூட்டு தொங்கியது.

முதலாளியின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"என்னடா இது? திறங்க!"

"வேலை செய்யத்தான் வந்திருக்கோம்," என்றான் ஏணி. "எங்க பூட்டோடதான் இனி ஏறுவோம். பையனுக்கு வைத்தியம் நடக்கணும். பொய்க் கையெழுத்து யாரும் போட மாட்டோம்."

"உங்களை எல்லாம் மாத்த எனக்கு ஒரு நாள் போதும்."

"மாத்துங்க. வர்றவனும் கம்பத்துலதானே ஏறணும்?"

"உன் மச்சினனை இப்பவே ஆஸ்பத்திரியை விட்டு வெளிய போடச் சொல்றேன், பாரு!"

"வாசல்ல எங்க வீட்டுப் பொம்பளைங்க உக்கார்ந்திருக்காங்க. அவங்களைத் தாண்டித் தூக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, ஏணி அவர் கையிலிருந்த போனைப் பார்த்தான். ஒரு போன் போட்டால் போதும், இந்த மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

போட்டார். கன்ட்ரோல் ரூம் செல்போன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி கூட்டத்துக்குள்ளேயே அடித்தது. அந்தப் பெண் போனை எடுக்காமல் முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பையிலிருந்து பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்துக் கடைசி ஓட்டையில் மாட்டி, அழுத்தி மூடிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"ஏம்மா, கதவுப் பூட்டு மாதிரி இருக்கே!" என்றான் ஏணி.

"எங்க வீட்டுப் பூட்டுதான்ணே. வேற பூட்டு இல்ல."

"அப்போ வீடு?"

"திறந்துதான் கிடக்கு."