சும்மா, மேற்படி

மாமனார் "தொழில்" என்ற கட்டத்தின் மேல் பேனா முனையை வைத்தபோது, அதே மேஜையின் மறுகோடியில் மருமகள் சூடான ஸ்பூனைப் பட்டின் மேல் வைத்தாள்.

கஞ்சி போட்டுக் காயவைத்த பட்டு வட்டம் அது. மடித்த துணியின் மேல் வைத்து, அடுப்பில் சுட்ட ஸ்பூனின் முதுகால் ஒரு கணம் அழுத்தினால் இதழ்போலக் குழிந்து எழும். ஒரு கணத்துக்கு மேல் போனால் போயிற்று.

மாமனாருக்கு எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம். "குடும்பத் தலைவர், தொழில், ஓய்வு. மகன், தொழில், கணக்கர். மனைவி, வயசு அம்பத்தொம்போது. தொழில்..." பேனா நின்றது. பிறகு, "சும்மா" என்றார். அதையே எழுதினார். "மருமகள், வயசு முப்பத்திரண்டு. தொழில்..."

ஸ்பூன் பட்டின் மேலேயே இருந்தது.

"மேற்படி."

கூடம் முழுக்கத் தலைமயிர் கருகுகிற நாற்றம் பரவியது.

"யாரு தலை எரியுது?" என்றார் மாமனார்.

"இதழ் மாமா. கருகிடுச்சு."

"பாத்தும்மா. சும்மா பண்ற வேலைக்கு வீட்டைக் கொளுத்திடாதே."

அவர் முப்பத்துநான்கு வருஷம் ஆவணப் பிரிவில் இருந்தவர். தெருவில் அவருக்கு "ரெக்கார்டு" என்று பெயர். படிவம் என்று எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். அவருடைய நெறிகள் மூன்று. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல் எழுதக்கூடாது. அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. மூன்றாவது நெறியைப் பற்றி அவர் பேசும்போது மற்றவர்கள் பெண் மானத்தைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும்.

"'இல்லை'ன்னு போட்டிருக்கலாமே மாமா," என்றாள் மருமகள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"இல்லைன்னு போட்டா வேலை தேடறாங்கன்னு ஆயிடும். சும்மான்னா வசதியா இருக்காங்கன்னு அர்த்தம்." அவர் மையின் மேல் ஊதினார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேலை செஞ்சு சாப்பிடற நிலைமையில இல்ல. அதை ஊருக்குத் தெரியற மாதிரி எழுதணும்."

மருமகள் கருகிய இதழைச் சுரண்டி ஓரமாகப் போட்டாள். அந்த வீட்டில் பேச்சு முடிவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் சொல்லிவிடுவார், மற்றவர்கள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டிருப்பார்கள்.

நான்கு வருஷமாகப் பின்னறையில் அவள் பட்டில் பூ செய்தாள். தலைப்பட்டை, சுருக்குப் பை, கழுத்துச் சால்வை, சட்டையில் குத்துகிற பூ. வாங்க வருகிற பெண்களை மாமனார் "மருமகளோட சிநேகிதிங்க" என்றே தெருவுக்கு அறிமுகம் செய்தார். ஒரே மாதத்தில் நாற்பது சிநேகிதிகள் வந்தபோது, மருமகளின் நல்ல குணத்தைப் பற்றி எதிர்வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன் சார், வீட்ல கடை வச்சிருக்கீங்களா?"

கடை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. மாதக் கடைசியோடு சிநேகிதிகள் வரத்து நிற்க வேண்டும். பின்னறையில் உள்ளதெல்லாம் பரணில் ஏற வேண்டும்.

மருமகளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் புதிதாகக் கட்டிய சந்தைக் கூடத்தில், வீட்டிலிருந்தே கைவேலை செய்கிறவர்களுக்கு நகர அலுவலகம் பன்னிரண்டு கடைகள் ஒதுக்கியது. அதற்குத்தான் இந்தப் படிவம். தொழில் கட்டத்தில் கைவேலை என்று இருக்க வேண்டும். அதிகாரி பதினொரு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்த்து வாங்கிக்கொள்வார். கடைசி நாளும் இன்றுதான். படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: "வீட்டுக்கு ஒரு படிவம். அடித்தல், திருத்தல் உள்ள படிவம் ஏற்கப்படாது." வெளியூரில் இருந்த கணவனைப் போனில் கேட்டபோது, "அப்பா எழுதினா கரெக்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். வந்த படிவத்தை நிரப்பாமல் விடுவது மாமனாருக்கு ஆகாது; வீட்டுப் பெண்களுக்குத் தொழில் என்று எழுதுவதும் ஆகாது.

மாமனார் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தார். சவரக் கடைக்குப் போகும்போது மட்டும் அவர் பேனாவை எடுத்துப் போவதில்லை. ஒரு தடவை அங்கே சட்டையில் மை கொட்டியிருந்தது. சட்டைப் பையில் பட்டுக் கைக்குட்டை மட்டும் ஒரு முனை தெரிய இருந்தது. "அதிகாரி வரும்போது மொகம் சுத்தமா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாமியார் சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, படிவத்தின் முன் உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் அப்புறம்தான் நம்மளைப் போட்டிருக்கார்," என்றாள்.

"ஆமா அத்தை."

"எனக்குச் சும்மா. உனக்கு அதுகூட முழுசா இல்ல."

"மேற்படின்னா மேல இருக்கறதேதான், அத்தை. உங்களுக்கு என்னவோ அதுதான் எனக்கும்."

மாமியார் அந்தச் சொல்லைத் திரும்பவும் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் மத்தியானத்தில் பின்னறைக்குப் போய், மருமகள் வெட்டிய சால்வைகளின் விளிம்பைச் சுருட்டித் தைக்கிறாள். விரலை நாக்கில் தொட்டு, பட்டின் ஓரத்தை நூல் கனத்துக்குச் சுருட்டி, தையல் வெளியே தெரியாமல் ஊசியை ஓட்டி, ஒரு சாண் தைத்ததும் நூலை மெல்ல இழுத்தால் சுருள் தானாகவே மூடிக்கொள்ளும். மருமகளுக்கே அவ்வளவு சன்னமாக வராது. யாராவது கேட்டால், "சும்மா கூட உக்காந்திருக்கேன்" என்பாள் மாமியார். கணவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

"கட்டம் பெருசாத்தான் இருக்கு," என்றாள் மாமியார்.

மருமகள் நிமிர்ந்தாள்.

"இவ்ளோ பெரிய கட்டத்துல ஒத்தை வார்த்தை. மிச்ச இடமெல்லாம் காலி. கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு அவர்தானே சொல்வாரு?"

"அடிக்கக் கூடாது அத்தை."

"யாரு அடிக்கப் போறா? பக்கத்துல எழுதப் போறேன்."

"நான் எழுதறேன், குடுங்க."

"கட்டம் என்னுது," என்றாள் மாமியார்.

அவள் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. முதலில் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். "கை" நன்றாக வந்தது. "வேலை" வரிசையை விட்டு இறங்கியது. ஏழெட்டுத் தடவை எழுதிய பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிவத்தில் எழுதினாள். சும்மா என்பதற்குப் பக்கத்தில்: பட்டுக் கைவேலை.

இரண்டு பேரும் படித்துப் பார்த்தார்கள். மருமகளின் முகம் வாடியது.

"'சும்மா பட்டுக் கைவேலை'ன்னு படிக்கத் தோணுது அத்தை. ஏதோ பொழுதுபோக்குன்னுதான் நெனப்பாங்க."

பிறகு மருமகள் பேனாவை வாங்கி, சும்மா என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு சின்னக் கோடும் பின்னால் இரண்டு சின்னக் கோடும் போட்டாள்.

"அது என்ன, ரெண்டு பக்கமும் கொம்பு?"

"இதைப் போட்டா அது பேராயிடும் அத்தை. கடையோட பேரு."

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நாப்பது வருஷம் கழிச்சு எனக்கு இப்பதான் கொம்பு முளைச்சிருக்கு," என்றாள்.

அதிகாரி சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பதை நெருங்குகிற பெண். குடையைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சவரம் செய்த முகத்தோடு எதிரே எழுந்து நின்ற மாமனார், ஆணை எதிர்பார்த்திருந்ததால் ஒரு கணம் தயங்கி, பிறகு "வாங்க மேடம்" என்றார்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்கே," என்றார் அதிகாரி படிவத்தைப் பார்த்து. மாமனார் மலர்ந்தார். "ஓய்வு. கணக்கர். அடுத்தது... 'சும்மா', பட்டுக் கைவேலை. அதுக்கடுத்தது மேற்படி. ஓ, மாமியாரும் மருமகளும் பார்ட்னருங்களா? நல்லது."

மாமனார் மலர்ந்தபடியே நின்றுவிட்டார். முகத்தை மாற்ற வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"பேரு அருமையா இருக்கு. சும்மா! யார் வச்சது?"

மாமியார் கணவரைப் பார்த்தாள். "இவருதாங்க. கல்யாணமான நாள்லேருந்து இதே பேரைத்தான் சொல்லிட்டிருக்காரு."

"பரவாயில்லையே சார், அப்பவே யோசிச்சிருக்கீங்க."

மாமனார் சவரம் செய்த தாடையைத் தடவிக்கொண்டார்.

அதிகாரி பின்னறையைப் பார்த்தார். கொடியில் காய்கிற பட்டு வட்டங்களையும், டப்பாவில் அடுக்கிய பூக்களையும் பார்த்தார். ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டி, நுனியில் மணிபோலத் திரண்ட கருகலை விரலால் நசுக்கினார். பொடிந்தது. "நெஜப் பட்டுதான்," என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். "மருமக வேலையைப் பாத்துட்டேன். உங்க வேலை எதும்மா? ஒண்ணு காட்டுங்க. எழுதியிருக்கறவங்க எல்லாரையும் சரிபாக்கணும்."

முடிந்த சால்வைகள் எல்லாம் முந்தின நாள்தான் சிநேகிதிகளோடு போயிருந்தன. மாமியார் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நேரே கணவரிடம் போய், அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி ஓரத்தை நகத்தால் தடவினார். "தையல் எங்கேன்னே தெரியலையே. இதை நீங்களா சுருட்டினீங்க?"

"ஆமாங்க."

"இது கடையில வாங்கினது இல்லையா?" என்றார் மாமனார். அவர் அதிகாரியைக் கேட்கவில்லை. யாரையும் கேட்டதாகவும் தெரியவில்லை.

"நீங்க தூங்கும்போது செஞ்சது," என்றாள் மாமியார்.

அவர் ஒன்றரை வருஷமாக அந்தக் கைக்குட்டையைப் பையில் வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரரிடம் அது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லியிருந்தார்.

கூடத்துக்கு வந்து அதிகாரி படிவத்தை அட்டையில் வைத்துக் கையெழுத்துக்கு நீட்டினார். "ஒண்ணு மட்டும் நீங்க வாயால சொல்லிடணும் சார். இதுல அடித்தல் திருத்தல் ஏதும் இல்லையே?"

மாமனார் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "பட்டுக் கைவேலை" அவர் எழுத்து இல்லை. லை கொஞ்சம் இறங்கியிருந்தது. மேஜையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் அதே லை ஏழெட்டு வரிசையாக இறங்கியிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். இது என் எழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படிவம் போய்விடும். மாதக் கடைசியில் எல்லாம் பரணில் ஏறும். ஆனால் தன் மேஜையில், தன் பேனாவால், தன் பொறுப்பில் இருந்த ஓர் ஆவணத்தில் வேறு கை புகுந்தது என்றும் சொல்ல வேண்டிவரும். முப்பத்துநான்கு வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

பின்னறை வாசலில் மருமகள் நின்றாள். அவள் கையில் ஊசி இருந்தது. அது அசையவில்லை. மாமியார் கைக்குட்டையைத் திரும்ப நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் வேலை செய்தது.

"சார்?"

"அடித்தல் இல்ல மேடம்," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "திருத்தலும் இல்ல." இன்னும் கொஞ்சம் பொறுத்து, உதட்டுக்குள், "கூட்டல்தான்."

கையெழுத்துப் போட்டார். அழகாகவே போட்டார்.

அதிகாரி போன பிறகு, மாமனார் கேட்காமலே மாமியார் கைக்குட்டையை அவர் பையில் திரும்ப வைத்தாள், முனை தெரிகிறபடி.

அவர்களுக்குக் கிடைத்த கடை பன்னிரண்டில் ஏழாவது. பலகையில் கொம்புகளோடு 'சும்மா' என்று எழுதியிருந்தது. முதல் வாரம் பாதிப் பேர் இனாம் என்று நினைத்து வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வெட்கத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். மாமனாரின் தங்கையும் வந்தாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையில் இரண்டு பூவாவது போட்டுக்கொண்டு போகிறவள்.

"அண்ணி, அந்தச் சிவப்பு ஒண்ணு எடுத்துக்கறேன். சும்மாதானே செய்றீங்க."

"ஆமா, சும்மாதான்," என்றாள் மாமியார். "பின்பக்கம் விலை ஒட்டியிருக்கு பாரு."

வீட்டில் இப்போது காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை யாரும் இல்லை. ரெக்கார்டு தானே கதவைத் திறந்து, தானே காப்பி போட்டு, இதழைக் கருக்கிய ஸ்பூனாலேயே கலக்கிக் குடித்தார். ஒருநாள் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் நின்று பேசினார்.

"என்ன சார், ஆளையே காணோம். இப்ப என்ன பண்றீங்க?"

"சும்மா இருக்கேன்," என்றார் அவர்.

எதிர்வீட்டுக்காரருக்குக் கண் விரிந்தது. "அட, நீங்களும் கடையில சேந்துட்டீங்களா?"

ரெக்கார்டு நீண்ட நேரம் தெருவைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இல்லிங்க," என்றார். "அந்தக் கட்டத்துல இடம் இல்ல."