நாற்பது மாடிக்கான உயரம்

“ஏம்மா, போன தடவை இந்த மீட்டரைப் பார்க்க உங்ககிட்ட ஸ்டூல் வாங்கித்தானே ஏறினேன்? இன்னிக்கு எப்படித் தரையில நின்னே படிக்கிறேன்?” என்று மின்கணக்கு எடுக்க வந்தவர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக் கூரை சரியாக ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. ஆற்றோரத்தில் எழுந்துகொண்டிருந்த கட்டடம் பன்னிரண்டு மாடி உயர்ந்திருந்தது. சுவரில் ஒரு விரிசல் இல்லை, தரையில் ஒரு சிட்டிகை காரை உதிரவில்லை. ஈரத்துணி காயக் காயச் சுருங்குவதுபோலச் சுவர்கள் உயரத்தில் மட்டும் குறைந்திருந்தன, அவற்றோடு மீட்டர் பெட்டியும் இறங்கி வந்திருந்தது. அவள் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள். கணக்கு எடுப்பவரும் வற்புறுத்தவில்லை. அந்தத் தெருவில் முப்பத்தாறு வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தவர் அவர், அவருக்கும் வாய் வலித்திருந்தது.

அவள் நகரசபை அலுவலகத்தில் தட்டச்சுக்காரி. பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். கூட்டங்களில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுப்பதும், பிறகு நடவடிக்கைக் குறிப்பாகத் தட்டச்சு அடிப்பதும் அவள் வேலை. ஆனால் அந்த அலுவலகத்தில் வேலை நடக்கும் வரிசை வேறு. கூட்டம் முடிந்து குறிப்பு அடித்தால் ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் எழுத்தை வெட்டி, உருளையில் சுற்றி, நூறு பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆகிவிடும் என்று எந்தக் காலத்திலோ ஒரு செயலாளர் கண்டுபிடித்திருந்தார். அதனால் கூட்டத்துக்கு முந்தின நாளே குறிப்பை அடித்து முடித்துவிடுவார்கள். யார் வரவேற்றார், யார் வழிமொழிந்தார், எப்படி ஒருமனதாக நிறைவேறியது எல்லாம் முதல் நாள் மாலையே ஸ்டென்சிலில் ஏறிவிடும். கூட்டம் முடிந்த நேரத்துக்கு மட்டும் ஓர் இடம் விட்டு வைப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு கூட்டம்கூட அந்தக் குறிப்பை மீறி நடந்ததில்லை. கூட்டங்கள் குறிப்பைப் பார்த்துத்தான் நடக்கக் கற்றுக்கொண்டன என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு.

ஆற்றோரத்து நாற்பது மாடிக் கட்டடத்துக்கான ஒப்பந்தத்தை அடித்ததும் அவள்தான். நிலம் நகரத்துடையது, அதைக் கட்டடம் கட்டும் நிறுவனத்துக்குச் சும்மா கொடுப்பது. முப்பது வருஷத்துக்கு வரி இல்லை. தண்ணீர்க் குழாயும் சாலையும் நகரத்தின் செலவு. லாபம் வந்தால் நிறுவனம் யோசித்து ஒரு பங்கு தரும், நஷ்டம் வந்தால் நகரம் யோசிக்காமல் ஈடுகட்டும். பதினொன்றாம் பிரிவு இப்படி இருந்தது: கட்டுமானத்தில் எது குறைந்தாலும் நகரம் தன் வரிதாரர்களிடமிருந்து அதை நிறைவு செய்து தரும். அதை அடிக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடிக்கும்போது எதுவும் தோன்றாமல் இருப்பதுதான் நல்ல தட்டச்சுக்காரிக்கு அழகு.

அவள் கணவன் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவன். ஆறடி மூன்று அங்குலம். கூரைக்கு வெள்ளை அடிக்கச் சாரம் வேண்டாம், ஏணி வேண்டாம், நீளக்குச்சியில் தூரிகையைக் கட்டினால் போதும். அதனால் ஊரில் அவனுக்குப் பெயரே ஏணி. அவள் நாலே முக்கால் அடி. இவர்கள் கல்யாணத்தில் எடுத்த புகைப்படத்தில் யாராவது ஒருவருக்குத் தலை இருக்காது என்று புகைப்படக்காரர் முன்கூட்டியே சொல்லித்தான் காசு வாங்கினாராம். இருபது வருஷத்தில் அவன் அவளைக் குனிந்து பார்த்துப் பேசினான், அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அதில் இருவருக்கும் குறை இருந்ததில்லை.

கட்டடம் தொடங்குமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க நடந்த கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. வாசலில் நின்று வாய் கிழியப் பேசியவர்கள் எல்லாம் உள்ளே வந்ததும் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஊர்க்காசு, நமக்கென்ன என்று சிலர், எழுந்து பேசினால் தண்ணீர் இணைப்பில் கை வைப்பார்கள் என்று சிலர். நிறுவனத்தார் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கட்டடம் வைத்திருந்தார்கள், அதற்குள் விளக்குகூட எரிந்தது. யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று நகரசபைத் தலைவர் கேட்டார். கடைசி வரிசையில் ஏணி எழுந்தான். எழுந்ததில் அவன் தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போனது.

“நான் அதிகம் படிச்சவன் இல்லீங்க. சுவரு தெரியும், அவ்வளவுதான். நாப்பது மாடி மேல ஏறுதுன்னா எங்கயோ நாப்பது மாடி கீழ இறங்கணும். அது எங்கன்னு சொல்லிட்டா நான் உக்காந்துடறேன்.”

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், நல்ல கேள்வி என்றார், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவள், கணவனின் கேள்வியை ஓர் எழுத்து விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்தாள். பேனா எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் நேற்றே அடித்த குறிப்பு நூறு பிரதியாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அதில் ஏழாவது வரி, பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபனை எதுவும் இல்லை என்பது. கூட்டம் முடிந்ததும் அவள் செயலாளரிடம் போய், ஒருத்தர் எழுந்து கேட்டாரே ஐயா, ஒரு வரி சேர்க்கணுமே என்றாள். அவ்வளவு நீளமாக அவள் செயலாளரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. “ஒரு வரிக்காக ஒரு ஸ்டென்சிலை வீணாக்குவாங்களாம்மா? நகரசபைப் பணம், பார்த்துச் செலவு பண்ணணும்,” என்றார் அவர், உண்மையான அக்கறையோடு. அவள் நேரத்துக்கு விட்டிருந்த இடத்தில் மாலை ஐந்து பத்து என்று நிரப்பினாள்.

நிறுவனம் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குத்தான் செங்கல் இறக்கியது. அதற்கு மேல் இறக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. காலையில் வேலைக்கு வரும் கொத்தனார்கள் நேற்று இல்லாத ஒரு மாடி இன்று இருப்பதைப் பார்த்தார்கள். கூலி கிடைத்ததால் பூசிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மாடிக்கும் வீடுகளின் கூரை இரண்டு விரற்கடை இறங்கியது. ஊர் கூடிக் கேட்டதும் நகரசபை ஒரு குழு அமைத்தது. குழு எட்டு மாதம் அளந்து, கூரைகள் இறங்கவில்லை, மக்கள்தான் நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தை அளவுக்கு மீறி வளர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அறிக்கை தந்தது. வீட்டுவரி பழைய உயரத்துக்கே போடப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரிவிலக்கு வாங்கிய பங்களாக்களில் ஒரு கூரையும் அசையவில்லை. இந்தப் பக்கத்தில் தவணை தவறாமல் வரி கட்டியவர்களின் வீடுதான் முதலில் இறங்கியது. அவளுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், ஆகவே அவள் வீடு தெருவுக்கே முன்னோடி.

தெருவில் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் முடிதிருத்துபவரின் கடை. பிறந்ததிலிருந்து ஒரு பைசா வரி கட்டாத மனிதர். பகலெல்லாம் கூனிக் கிடந்தவர்கள் மாலையில் அங்கே போய் முதுகை நீட்டிவிட்டு வந்தார்கள். அவர் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை, ஆனால் சும்மா நிற்கிறவர்களுக்குச் சவரம் செய்துவிடுவார். கட்டடம் எழுந்த அந்த மூன்று வருஷத்தில் அந்தத் தெரு ஆண்களைப்போல மழமழவென்ற முகங்கள் ஊரில் வேறெங்கும் கிடையாது.

இருபதாம் மாடியன்று ஏணி மின்விசிறியைக் கழற்றினான். இருபத்தெட்டாம் மாடியன்று இருவரும் சேர்ந்து இரும்பு பீரோவைப் படுக்கப் போட்டார்கள். முப்பதாம் மாடியன்று கூரை அவன் உச்சியைத் தொட்டது. முப்பத்தொன்றிலிருந்து அவன் கழுத்தைச் சாய்த்து நடந்தான், பிறகு முதுகை மடக்கினான், பிறகு வீட்டுக்குள் எப்போதும் உட்கார்ந்தே இருந்தான். அவள் கடைசிவரை நேராகத்தான் நடமாடினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவள் குனிந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தது, அது அவளுக்குப் பழகவில்லை. அவன் தொழிலும் படுத்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைகூட ஸ்டூல் போட்டுக் கூரைக்கு வெள்ளை அடிக்கும் ஊரில் ஏணிக்கு என்ன வேலை? அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் நாற்பது மாடிக்கு உள்பூச்சுக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே கூரைகள் அவ்வளவு உயரம், கூப்பிட்டால் குரல் போய்த் திரும்பி வருவதற்குள் கூப்பிட்ட காரியம் மறந்துவிடும். முப்பத்தொன்றாம் மாடியில் வெள்ளை அடிக்கப் போன ஏணி, சுவரின் நடுவே இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு நீலப் பட்டையைப் பார்த்தான். அவன் சமையலறைக்குக் கலந்த நீலம். கொஞ்சம் பச்சை கூடிப்போய், அவள் பரவாயில்லை என்று சொன்ன நீலம். அதன் மேல் அவன் தூரிகை எப்போதும் இடதுபக்கம் இழுக்கும் கோடு, அதில் ஒட்டிக் காய்ந்த ஒரு மயிர். அதற்கு அடுத்த பட்டை அடுத்த வீட்டு மஞ்சள், அதுவும் அவன் அடித்தது. அன்று முழுக்க அவன் அந்தச் சுவரில் தெருவையே வீடு வீடாகப் படித்தான். மேஸ்திரி வந்து எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை அடிக்கச் சொன்னதும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

முடிதிருத்தும் கடையில் அவன் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே முதுகு நீட்ட வரும் வக்கீல் குமாஸ்தா மட்டும் ஒரு சட்டத்தைச் சொன்னார். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் குறிப்பில் ஒரே ஓர் ஆட்சேபனை பதிவாகியிருந்தாலும் போதும், ஒப்பந்தம் செல்லாது, எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். “அண்ணே, நீங்கதானே அன்னிக்கு எழுந்து கேட்டீங்க! ஊரே சிரிச்சுதே!” என்றார் முடிதிருத்துபவர், கத்தியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு. சிரித்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றைக்குச் சிரித்ததே சாட்சி சொல்லத்தான் என்பதுபோல.

ஏணி வீட்டுக்குள் தவழ்ந்து வந்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அவள் அடுப்பருகே நின்றிருந்தாள்.

“நீதானே எழுதின. என் கேள்வி அதுல இருக்கும்ல?”

அவள் பாத்திரத்தைப் பார்த்தபடியே, “எழுதிக்கிட்டேங்க,” என்றாள்.

அது பொய் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

நகல் கேட்டு அவன் கொடுத்த மனு மூன்றாம் நாள் அவள் மேஜைக்கே வந்தது. கோணல்மாணலாக, வண்ணம் பூசுகிறவனின் பெரிய எழுத்து. மூல ஸ்டென்சிலைச் செயலாளர் அறை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். ஆறு வரி அடித்தாள். ஏழாவது வரியில் அவள் விரல் நின்றது. அந்த இடத்தில் பத்துச் சொல் அடித்தால் போதும், ஒரு தெரு நிமிரும். அவளுக்கு எதிரே ஜன்னலில் நாற்பது மாடி நின்றது, முப்பத்தொன்பதாவதுக்கு மேல் அன்று காலைதான் வந்து சேர்ந்த மாடி. மூலத்தில் இல்லாததை நகலில் சேர்ப்பது குற்றம், வேலை போகும், சிறைக்கும் போகலாம். அதை எல்லாம் அவள் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் விரலை நிறுத்தியது அந்தப் பயம் மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் விரல்கள் மூலத்தில் இல்லாத ஓர் எழுத்தைக்கூட அடித்ததில்லை, அவற்றுக்கு அது தெரியாது. மூலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவை ஏழாவது வரியை அடித்து முடித்துவிட்டன. அவள் உண்மை நகல் என்ற முத்திரையைக் குத்தி, கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள். முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

நாற்பது மாடிக்குத் திறப்புவிழா நடந்தது. ஏழு மாடிக்கு ஆள் வந்தார்கள். மீதி முப்பத்துமூன்றும் விளக்கெரியக் காலியாக நின்றன, அந்த விளக்குச் செலவும் பதினொன்றாம் பிரிவில் வந்தது. வீடுகள் ஐந்தடியில் நின்றுவிட்டன. தச்சர்கள் குட்டைக் கதவு செய்யப் பழகினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் உயரத்தை விசாரித்தார்கள், மீட்டர் பார்ப்பவர் முட்டிபோட்டுப் படித்தார். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் வீடு என்றால் இவ்வளவுதான் என்று நினைத்து வளர்ந்தன.

நகல் அதற்கெல்லாம் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அவன் கைக்குக் கிடைத்தது. ஞாயிறு காலை, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தான். விரல் ஏழாவது வரியில் நின்றது. திரும்ப முதல் வரிக்குப் போய் மறுபடி இறங்கி வந்தது. பிறகு கீழே அந்தச் சுருக்கொப்பத்துக்குப் போனது. மளிகைச் சீட்டிலும் அவன் சட்டைப்பையில் வைத்துவிடும் துண்டுக் காகிதத்திலும் அவள் போடும் அதே வளைவு.

அவள் போய், படுக்கப் போட்டிருந்த பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அந்த வருஷத்துச் சுருக்கெழுத்து நோட்டை எடுத்து வந்தாள். அவன் முன் விரித்து வைத்தாள். “இதோ பாருங்க. இதுதான் நீங்க கேட்டது. ஒரு எழுத்துகூட விடல,” என்றாள். அவன் பார்த்தான். கொக்கிகள், புள்ளிகள், பாதி வட்டங்கள், கோழி கிளறினதுபோல ஒரு வரி. தன் வாயிலிருந்து வந்தது இப்படித்தான் இருக்கும்போல என்று அவன் நினைத்தானோ என்னவோ, விரலை அதன் மேலும் வைத்து ஒரு முறை ஓட்டினான். அவள் அவனுக்காக அதைப் படித்துக் காட்டத் தொடங்கினாள். நான் அதிகம் படிச்சவன் இல்லீங்க என்பதுவரை படித்தாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவன் நோட்டை மூடி அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான். நகலை நான்காக மடித்து அதன் மேல் வைத்தான். மூலையில் காய்ந்து விறைத்திருந்த தூரிகைகளை எடுத்துக்கொண்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து வாசலைத் தாண்டினான். வெளியே போய் நிமிர அவனுக்கு நேரம் பிடித்தது. முதலில் முட்டி, பிறகு இடுப்பு, பிறகு முதுகு ஒவ்வொரு கணுவாக. உள்ளே நின்ற அவளுக்கு அந்தக் குட்டை வாசல் வழியாக அவன் மார்புவரைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. தன் கடை வாசலில் நிமிர்ந்து நின்ற முடிதிருத்துபவருக்கோ தலை மட்டும்தான் தெரிந்தது. தெருவின் கூரைகளுக்கு மேலே அது ஒவ்வொரு வீடாகக் கடந்து, ஒரு தடவைகூடத் திரும்பாமல் முனைவரை போய் மறைந்தது.