பிரிக்கப்படாத கவர்

நிறுவனத்துக்கு அறுபது வயது நிறைகிறது, ஒரு வரலாற்று நூல் கொண்டுவந்துவிடலாம் என்று தம்பி சொன்னபோது, எழுதும் பொறுப்பை அக்கா தானே ஏற்றுக்கொண்டாள். இருவரும் வக்கீல்கள். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. நிர்வாகத்தைத் தம்பி பார்த்துக்கொள்ள, சிக்கலான ஒப்பந்தம் எதுவானாலும் கடைசியில் அக்கா மேசைக்குத்தான் வரும்.

பெயிண்ட் கடை மாடியில், இரண்டு நாற்காலியும் ஒரு தட்டச்சு இயந்திரமுமாக அப்பா தொடங்கிய அலுவலகம் இன்று ஐந்து மாடி. தொண்ணூறு வக்கீல்கள். அந்த வளர்ச்சிக்கு ஒரு கதை உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா ஒரு பஞ்சு வியாபாரிக்காகக் கப்பல் கம்பெனி ஒன்றின் மேல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். கப்பலில் போன பஞ்சுப் பொதிகள் நனைந்து பாழாகியிருந்தன. புயலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது கம்பெனி. வழக்கு பாதியில் இருந்தபோது, கப்பல் கேப்டன் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பிய கடிதம், தபால்காரரின் கைப்பிசகால் அப்பாவிடம் வந்துவிட்டது. அப்பா அதைப் பிரிக்காமல், தானே நடந்துபோய் உரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கில் தோற்றார். அடுத்த வருடமே கப்பல் கம்பெனி முதலாளி பெயிண்ட் கடைப் படியேறி வந்து, தன் சட்ட வேலை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். அதைப் பார்த்து வங்கிகள் வந்தன, காப்பீட்டு நிறுவனங்கள் வந்தன.

கோப்பறையில் மூன்றாவது வாரம், அப்பாவின் அந்த வருடத்து நாட்குறிப்பு அக்கா கையில் கிடைத்தது. கடிதம் கைமாறிய தேதி தெரியும் என்பதால் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். நான்கே வரிகள்.

'கவரைப் பிரித்துப் படித்தேன். சரக்கறை மூடியைச் சரியாக மூடவில்லை என்று கேப்டனே ஒப்புக்கொள்கிறான். மறுபடி ஒட்டச் சொல்லி, பிரிக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கை குலுக்கினார்கள்.'

 அக்கா நின்றபடியே மூன்று முறை படித்தாள். எழுத்தில் நடுக்கமே இல்லை.

அன்று மாலையே பழைய தலைமைக் குமாஸ்தா வீட்டுக்குப் போனாள். எண்பத்து நான்கு வயது. மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாட்குறிப்பை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

"ஒட்டினது நான்தான் பாப்பா."

"ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை?"

"உங்கப்பா அந்தக் கடிதத்தை வழக்குல தொடவே இல்லை. அதுல நேர்மையா இருந்தாரு. படிச்சேன்னு சொல்லியிருந்தா வழக்கை விட்டு விலகணும். அந்தப் பஞ்சு வியாபாரி நடுத்தெருவுல நிப்பாரேன்னு யோசிச்சாரு." விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "கடைசியில நின்னுதான் போனாரு. கடையை மூடிட்டாரு. கப்பல் முதலாளி வந்த அன்னைக்கு, உங்கப்பா வேண்டாம்னு சொல்லிடுவாருன்னுதான் நான் நினைச்சேன். சொல்லலை. அதுக்கப்புறம் அவர் முகத்தை நேருக்கு நேர் பாக்கவே எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு."

"நான் எழுதலாமா?"

"என் பேரையும் சேர்த்து எழுதும்மா."

தம்பி நாட்குறிப்பைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அக்கா, நம்ம வேலையில மூணுல ஒரு பங்கு அந்தக் கப்பல் கம்பெனி. அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"தெரியாதப்ப நானும் அந்தக் கதையைச் சொன்னேன்டா. வருஷா வருஷம் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட சொன்னேன். இனிமே எப்படிச் சொல்றது?"

"அப்படின்னா அந்த அத்தியாயத்தையே விட்டுடு."

"விட்டா மட்டும் சொல்றதை நிறுத்திடுவாங்களா?"

ஆனால் அவளுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்தக் கடிதம் ஒரு கட்சிக்காரரும் அவருடைய வக்கீலும் சம்பந்தப்பட்ட ரகசியம். ஐம்பது வருடம் கழிந்தாலும் அது கம்பெனியின் சொத்து. பிரித்தோம் என்று சொல்லலாம். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. அதனால் கப்பல் கம்பெனிக்குப் போனாள். பழைய முதலாளியின் மகன்தான் இப்போது தலைவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடிதத்துல என்ன இருந்ததுன்னு வெளியே வரக் கூடாது."

"நீங்க அனுமதிக்காம வராது."

"அனுமதிக்க மாட்டேன். எங்கப்பாவுக்கு உங்கப்பா மேல ஒரு மரியாதை இருந்தது. என்னையும் அதைச் சொல்லித்தான் வளர்த்தாங்க." மேசை மேலிருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். "நேர்ல வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா இனிமே உங்ககிட்ட எதையும் நம்பிக் கொடுக்கறது கஷ்டம்."

ஆறு மாதத்தில் கப்பல் வேலை ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனது. இரண்டு மாடிகளைக் காலி செய்தார்கள். பதினேழு பேர் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். அவர்களில் நான்கு பேரை வேலைக்குச் சேர்த்தவளே அக்காதான். ஒவ்வொருவரையும் வாசல்வரை போய் வழியனுப்பினாள். தம்பி வேலை விஷயம் தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அச்சுக்குப் போகும் முன் பிரதியைக் கேட்டு வாங்கி, அந்த அத்தியாயத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினான். ஒரு வரியையும் வெட்டவில்லை.

நூல் வந்து ஒரு மாதம் இருக்கும். தம்பி ஏதோ ஆவணத்தில் கையெழுத்துப் போட அவள் அறைக்கு வந்திருந்தபோது தொலைபேசி ஒலித்தது. பேசியது ஒரு பெண். பஞ்சு வியாபாரியின் மகள்.

"புத்தகத்தைப் படிச்சேங்க. அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சு?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைம்மா. மன்னிச்சுக்கோங்க."

"கப்பல்ல சரக்கறையைச் சரியா மூடலைன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. வீட்டுல நாங்ககூட நம்பலை. தோத்தவர் ஏதோ புலம்புறாருன்னு விட்டுட்டோம்."

அக்கா வாயைத் திறக்கவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. எதிரே தம்பி கையெழுத்துப் போடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க இல்லைன்னு சொல்லலை," என்றாள் வியாபாரியின் மகள் கடைசியில்.

"சொல்லலைம்மா," என்றாள் அக்கா.